நான்காம் கட்டத்தில் இரண்டு வரி

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மார்க் போடுகிற அம்மாள் வருவதாக இருந்தது. புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டு மேசையில் பெர்தோல்டும் மகள் யூடித்தும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் மசித்துக்கொண்டே இருந்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த பெர்தோல்டின் மனைவி மெக்டில்ட் இருவர் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே மழை. நவம்பரில் லென்னே ஆற்றங்கரையில் மழை பெய்யாத நாள் ஒன்று இருந்தால் அதைக் கோயில் மணி அடித்துத்தான் கொண்டாட வேண்டும்.

வீட்டின் பின்சுவரை ஒட்டியே பட்டறை. ஒரு பக்கக் கதவு வழியாகக் கம்பிச் சுருள் உள்ளே போகும், மறுபக்கக் கதவு வழியாக ஸ்பிரிங் வெளியே வரும். உள்ளங்கையில் நாலு வைத்துக்கொள்ளலாம், அத்தனை சின்ன ஸ்பிரிங். பெர்தோல்டின் அப்பா ஆரம்பித்தது. இப்போது இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். சரக்கில் முக்கால்வாசி வடக்கே ஆறு மணி நேர லாரி ஓட்டத்தில் இருக்கும் ஒரு பிரேக் கம்பெனிக்குப் போகிறது. அந்தக் கம்பெனிதான் மார்க் போடுவது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தனக்குச் சரக்கு அனுப்புகிற எல்லாருக்கும் அது மார்க் போடும். நூற்றுக்கு இவ்வளவு என்று. சரக்கு சொன்ன நாளில் வந்ததா என்பதற்கு முப்பத்தைந்து, பழுதில்லாமல் வந்ததா என்பதற்கு முப்பத்தைந்து, விலை, கடிதத்துக்குப் பதில் போடும் வேகம் இத்யாதிக்கு மிச்சம் முப்பது. எண்பதுக்கு மேல் என்றால் ஏ, அறுபதுக்கு மேல் பி, அதற்குக் கீழே சி. இவர்களுடைய வீட்ஹோஃப் பட்டறை வருஷக்கணக்காக ஏ வாங்கியது. பெர்தோல்ட் அதைச் சொல்லிக்கொள்ள மாட்டார். ஆனால் பட்டறைக்கு யார் வந்தாலும் சான்றிதழ் மாட்டியிருக்கும் நடைபாதை வழியாகத்தான் சுற்றிக் கூட்டிப்போவார்.

போன வருஷக் கடைசியில் அது பி ஆயிற்று. அடுத்ததும் பி. பிறகு சி. பிறகு இன்னொரு சி, ஐம்பத்திரண்டு. இன்னும் ஒரு சி வந்தால் அடுத்த மாடல் பிரேக்குக்கான ஸ்பிரிங்கை வேறு இடத்தில் கேட்டுக்கொள்ள நேரும் என்று மிக மரியாதையாக ஒரு கடிதம் வந்தது. திட்டி எழுதியிருந்தால்கூட மெக்டில்டுக்கு இத்தனை பயம் வந்திருக்காது.

மார்க் குறைந்ததற்குக் காரணம் என்று வீட்டில் நினைத்தது துரு. ஒரே வருஷத்தில் மூன்று முறை, அங்கே பெட்டியைத் திறந்தபோது ஸ்பிரிங்கில் துரு. ஒவ்வொரு முறையும் எட்டுக் கட்டம் போட்ட தாள் ஒன்று வரும், பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும். என்ன நடந்தது, யார் கவனிக்கிறார்கள், உடனே என்ன செய்தீர்கள் என்று முதல் மூன்று கட்டம் சுலபமாகப் போய்விடும். நான்காம் கட்டத்தில் காரணத்தை எழுத வேண்டும். பெர்தோல்ட் இரண்டு தடவை “கம்பி ஆலையின் குறை” என்று எழுதினார். இரண்டு தடவையும் ஏற்கவில்லை என்று திரும்பி வந்தது. மூன்றாவது தாளுக்கு வெள்ளிக்கிழமை கெடு. அதை நேரில் வந்து கூடவே உட்கார்ந்து நிரப்பத்தான் அந்த அம்மாள் வருகிறார்.

எண்ணெய் போடுவதும் பெட்டியில் அடுக்குவதும் யூடித்தின் பொறுப்பு. பிள்ளைக்கு முப்பத்திரண்டு வயது. படித்துவிட்டு வந்து, அப்பாவிடம் வாதாடி, பழைய கெட்டி எண்ணெயை நிறுத்திவிட்டு மெல்லிய எண்ணெய் ஒன்றைக் கொண்டுவந்தாள். அது நடந்து இரண்டு வருஷம். எண்ணெய் மாறியது, கொஞ்ச காலத்தில் துரு வந்தது. பெர்தோல்டுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

“நாலாம் கட்டத்துல பேக்கிங்னு எழுதப்போறேன்” என்றார் அவர், தட்டைப் பார்த்தபடி. “பொறுப்புன்னு கேட்ருக்கற இடத்துல உன் பேரு. ஆள மாத்திட்டோம்னு காட்டினாத்தான் அவங்க அடங்குவாங்க. தாள் இன்னொரு தடவை திரும்பி வந்தா இருபத்திரண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

“எண்ணெயில குறை இல்லைன்னு மூணு தடவை சோதிச்சுக் காட்டிட்டேன்.”

“அப்ப துரு வானத்துலேருந்தா விழுது?”

யூடித் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அது மெக்டில்டின் அம்மா வழி.

“எழுதுங்கப்பா. ஆனா என் பேரு அந்தத் தாள்ல ஏறிச்சுன்னா, மறுநாள் நான் இங்க வர மாட்டேன். இஸர்லோன்ல ஸ்க்ரூ கம்பெனிக்காரங்க வசந்த காலத்துலேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. அவங்ககிட்ட நாளைக்கே சரின்னு சொல்லிடுவேன்.”

“போறவங்க போலாம்” என்றார் பெர்தோல்ட். சொன்னபிறகு அவர் முகமே கொஞ்சம் வெளிறியது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிற பழக்கம் அந்த வீட்டு ஆண்களுக்குக் கிடையாது. எழுந்து போய்விட்டார்.

மெக்டில்டுக்கு ஒரே பெண். அவள் போவதென்றால் இஸர்லோன் ஒன்றும் அமெரிக்கா இல்லை, அரை மணி நேரம். ஆனால் இப்படிப் போனால் திரும்ப வரமாட்டாள் என்பது அம்மாவுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கேக்குக்குக்கூட வரமாட்டாள். பெர்தோல்டும் கூப்பிட மாட்டார். இருவரும் ஒரே கல்லில் செதுக்கியவர்கள்.

மத்தியானம் முழுக்கப் பட்டறையைக் கூட்டிக் கழுவினார்கள். சுருள் சுற்றும் எந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்று, துடைக்கப்பட்டு, மறுபடி சடசடவென்று ஆரம்பித்தன. மூன்று மணி வாக்கில் மெக்டில்ட் பேக்கிங் அறைக்குள் போனாள். யூடித் மெழுகுத்தாளைப் பெட்டிக்குள் மடித்து, ஸ்பிரிங்கை வரிசையாகப் படுக்கவைத்து, மேலே தாளை மூடிக்கொண்டிருந்தாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மெக்டில்டும் எதிரே நின்று ஒரு பெட்டியை இழுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

அப்பாவுக்குப் பயம், பயத்தில் பேசுகிறார், நீதான் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சுற்றி வளைத்துச் சொன்னாள். பேரை எழுதினால் என்ன, தாள்தானே, நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்றும் சொல்லிப்பார்த்தாள்.

“நீ என்னைக்காவது அவர்கிட்ட, யூடித் மேல தப்பில்லன்னு சொன்னியாம்மா?”

மெக்டில்ட் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஏனென்றால் உள்ளுக்குள் அவளும் அந்த எண்ணெயைத்தான் சந்தேகித்தாள். அதை மகள் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை.

“முப்பத்தஞ்சுக்குப் பதினாலு” என்றாள் யூடித். “துருவை விடு. சொன்ன நாள்ல வர்றதுக்கான மார்க்கு அது. அது ஏன் அவ்வளவு குறைஞ்சுதுன்னு யாராவது கேட்டீங்களா? கம்பெனியோட இணையப் பக்கத்துல விவரம் இருக்கும், பாஸ்வேர்ட் குடுங்கன்னு அப்பாகிட்ட மூணு தடவை கேட்டுட்டேன். முதல்ல உன் எண்ணெயைப் பாருன்னாரு.”

“அது அவங்க கம்ப்யூட்டர் கோளாறுடி. நம்ம லோடு ஒரு நாளாவது லேட்டாப் போயிருக்கா?”

அந்த ஒரு விஷயத்தில் மெக்டில்டுக்குச் சந்தேகமே கிடையாது. சரக்கு அனுப்புகிற மேசை அவளுடையது. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜனவரியில், புதன்கிழமை போய்ச் சேர வேண்டிய லாரி பனியில் மாட்டி மலைமேல் நின்றுவிட்டது. அங்கே ஸ்பிரிங் இல்லாமல் பிரேக் கம்பெனியின் வேலை அரை நாள் நின்றது. அன்று போனில் வாங்கிய பேச்சை அவள் மறக்கவில்லை. அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள்: புதன்கிழமைச் சரக்கு செவ்வாய்க்கிழமையே போய்விடும், வெள்ளிக்கிழமைச் சரக்கு வியாழக்கிழமையே. அவர்கள் தேடும்போது சரக்கு அங்கே காத்திருக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான்; எட்டு மணி விருந்துக்கு ஏழே முக்காலுக்கு வாசலில் நிற்பார்கள், விருந்து கொடுப்பவரும் ஏழரைக்கே கதவைத் திறந்து வைத்திருப்பார். இதைத் தப்பு என்று அங்கே யாரிடம் சொன்னாலும் விளங்காது.

வியாழக்கிழமை காலை மெக்டில்ட் ஆறு மணிக்கே எழுந்து, ரொட்டிகளைப் பிளந்து, அரைத்த பன்றியிறைச்சியைத் தடவி, மேலே வெங்காயத்தைத் தூவித் தட்டில் அடுக்கினாள். எட்டு நாற்பதுக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது பாலத்தடியில் சாம்பல் நிறக் கார் ஒன்று நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, துடைப்பான் போய்ப் போய் வந்தது. யாரோ வழி தெரியாமல் நிற்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். சரியாக ஒன்பதுக்கு அழைப்பு மணி அடித்தபோது அந்தக் கார் வாசலில் நின்றது.

வந்தவர் ஃப்ராவ் ஒஸ்டர்காம்ப்; ஃப்ராவ் என்றால் அங்கே அம்மாள். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். நனைந்த மேலங்கி, கையில் ஒரு கம்ப்யூட்டர், தோளில் பை. கடுகடுவென்று இருப்பார் என்று எதிர்பார்த்திருந்தார்கள். அவரோ தட்டில் இருந்த ரொட்டியில் இரண்டை வெங்காயத்தோடு சாப்பிட்டுவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு, இப்போது பட்டறையைப் பார்க்கலாமா என்று கேட்டார். பெர்தோல்ட் வழக்கம்போல் நடைபாதை வழியாகக் கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மாள் சான்றிதழ்களைப் படிக்கவில்லை.

கம்பி வருகிற கதவிலிருந்து ஆரம்பித்தார். எந்திரத்துக்கு எந்திரம் நின்றார். சூட்டடுப்பில் வேலை செய்கிற ஆளிடம் எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம் என்று கேட்டு, பதிலைச் சரிபார்க்காமலே குறித்துக்கொண்டார். எண்ணெய்த் தொட்டிக்கு வந்ததும் மெக்டில்டின் கை தன்னையறியாமல் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனைப் பிடித்துக்கொண்டது. அவர் பையிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்து எண்ணெயில் தோய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொரு தடவை தோய்த்தார். பிறகு போன செப்டம்பரில் எடுத்துவைத்த மாதிரிப் பெட்டியைக் கேட்டார். யூடித் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே ஸ்பிரிங்குகள் பளபளவென்று இருந்தன, ஒரு புள்ளி துரு இல்லை.

“எண்ணெய் மாத்தினதுதாங்க காரணம்” என்றார் பெர்தோல்ட், யாரும் கேட்காமலே. “அத மறுபடி பழையபடி ஆக்கிடறோம். பேக்கிங்ல ஆளையும் மாத்தறோம். தாள்ல அப்படியே எழுதிடலாம்.”

யூடித் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்து நரம்பு துடிப்பது மெக்டில்டுக்குத் தெரிந்தது. இதோ எழுதப்போகிறார்கள், இதோ பிள்ளை போகப்போகிறாள் என்று அவளுக்குத் தோன்றியது.

ஃப்ராவ் ஒஸ்டர்காம்ப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே, கம்பெனியிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த துருப்பிடித்த ஸ்பிரிங்குகள். எண்ணெயில் குறை இருந்தால் பெட்டி முழுக்கத் துரு வந்திருக்கும், ஆனால் இது, பெட்டிகளை அடுக்குகிற மரப்பலகையான பேலட்டின் அடி வரிசைப் பெட்டிகளில் மட்டும்தான் வந்திருக்கிறது, அதுவும் தாள் நனைந்த பக்கத்தில் மட்டும் என்றார். பிறகு, சரக்கை யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டார்.

மெக்டில்டுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இந்தக் கேள்விக்கு அவள் பயப்பட வேண்டியதில்லை. எல்லாரும் அவளுடைய மேசைக்கு வந்து உட்கார்ந்தார்கள். சுவரில் நாட்காட்டி, அதில் ஒவ்வொரு லோடுக்கும் சிவப்புப் பென்சில் கோடு.

“புதன்கிழமைச் சரக்கு இங்கேருந்து எப்பக் கிளம்புது, ஃப்ராவ் வீட்ஹோஃப்?”

“செவ்வாய்க்கிழமை காலைல அஞ்சு மணிக்கு. பதினொண்ணுக்கெல்லாம் உங்க கேட்டுல நிக்கும். இருபத்தேழு வருஷமா ஒரு நாள்கூடப் பிந்தினதில்ல.”

“எல்லா லோடுமா?”

எல்லாம் என்று சொல்ல வாயெடுத்த மெக்டில்ட் நின்றாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. லாரிக்காரர் ஏவால்டுக்கு வேறு சவாரி இருக்கிற நாட்களில், முக்கியமாகக் கிறிஸ்துமஸ் மரங்களை ஏற்றி இறக்குகிற இந்தப் பருவத்தில், முந்தின நாள் போக முடியாமல் போய்விடும்; சொன்ன நாளன்றே விடிவதற்குள் கிளப்பி அனுப்ப வேண்டியிருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். பத்தில் நாலு லோடு அப்படி ஆகிவிடுகிறது, அதற்காக வெட்கப்படுகிறேன், அன்றைக்கெல்லாம் போன் வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது என்றாள்.

ஃப்ராவ் ஒஸ்டர்காம்ப் கம்ப்யூட்டரைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். தேதிகள் வரிசையாக இருந்தன. சில பச்சை, பல சிவப்பு. நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார்.

மெக்டில்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு விரலை நாட்காட்டியிலும் ஒரு விரலைத் திரையிலும் வைத்துக்கொண்டு இறங்கிவந்தாள். அக்டோபர் எட்டு, பச்சை. அன்று ஏவால்ட் வேறு வேலையில் மாட்டிக்கொண்டதால் சொன்ன நாளிலேயே போன லோடு. அக்டோபர் பத்து, சிவப்பு. முந்தின நாளே போய்ச் சேர்ந்தது. அடுத்தது சிவப்பு, அதுவும் முந்தின நாள். பச்சை, அவள் வெட்கப்பட்ட லோடு. விரல் பாதியில் நின்றுவிட்டது.

“இது தலைகீழா இருக்கே” என்றாள்.

“தலைகீழ் இல்லீங்க. சொன்ன நாள்னா அந்த நாள்தான். பிந்தி வந்தாலும் சிவப்பு, முந்தி வந்தாலும் சிவப்பு. போன வருஷம் செப்டம்பர்லேருந்து எங்ககிட்ட கிடங்கு கிடையாது. அதை எடுத்துட்டு அங்க இன்னொரு வேலைக்கூடம் போட்டுட்டாங்க. சரக்கு வந்த அன்னைக்கே நேரா உள்ள போகணும். முதல் நாளே வந்தா வைக்க எடமில்ல.”

“அப்ப எங்க வெச்சாங்க?”

அவர் ஒரு படத்தைக் காட்டினார். தார் போட்ட முற்றம். அதில் வீட்ஹோஃப் பட்டறையின் பேலட்கள் நாலு. மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளில் மழைத் தண்ணீர் குளமாக நின்றது, அடியில் சக்கரத் தடத்தில் தேங்கிய சேறு. மெக்டில்ட் சுற்றிய தாள்தான் அது. மூலையை இரட்டையாக மடிப்பது அவள் கை.

சுவருக்கு அப்பால் எந்திரங்கள் சடசடத்தன.

“திருப்பி அனுப்பியிருக்கணும்” என்றார் பெர்தோல்ட் கடைசியில். “இப்படி மழையில போட்டா?”

“அனுப்பியிருக்கணும். ஏவால்டை அங்க எல்லாருக்கும் பதினஞ்சு வருஷமாத் தெரியும். ஆறு மணி நேரம் ஓட்டிட்டு வந்த மனுஷனைத் திருப்ப மனசு வரலை, இறக்கிக்கிட்டாங்க. அது எங்க தப்பு, எங்க தாள்ல நான் எழுதிக்கறேன். ஆனா கிடங்கு இருக்காதுன்னு போன வருஷம் ஆகஸ்டுலயே உங்களுக்குத் தெரிவிச்சுட்டோம். எங்க இணையப் பக்கத்துல அந்தக் கடிதம் இன்னும் திறக்காமயே இருக்கு.” அவர் கொஞ்சம் நிறுத்தி, மெக்டில்டைப் பார்த்துச் சொன்னார்: “நானும் உங்கள மாதிரிதாங்க. இன்னைக்கு எட்டரைக்கே வந்துட்டேன். ஒன்பதுன்னு சொல்லியிருந்ததால பாலத்தடியில வண்டிக்குள்ளயே உக்காந்திருந்தேன்.”

“உள்ள வந்திருக்கலாமே. காபி சூடா இருந்துச்சே” என்றாள் மெக்டில்ட். அந்த நிலையிலும் அதுதான் வாயில் வந்தது.

பிறகு அவர் எட்டுக் கட்டத் தாளை எடுத்து மேசையில் விரித்தார். முதல் மூன்றும் நிரம்பியிருந்தன. பேனாவை நான்காம் கட்டத்தின் மேல் வைத்தார். இதில் இரண்டு வரி இருக்கிறது, முதலாவது ஏன் நடந்தது என்பது, பொறுப்பு யார் என்று பேரோடு வேண்டும் என்றார்.

பெர்தோல்ட் முந்திக்கொண்டார். “லாரிக்காரர்னு போடுங்க. ஏவால்ட். அவர் வேற சவாரிக்குத் தோதா முந்தின நாளே இழுத்துக்கிட்டுப் போயிட்டாரு. இனிமே வேற ஆள வெச்சுக்கறோம்.”

மெக்டில்ட் கணவனைப் பார்த்தாள். நாற்பது வருஷத்தில் தன்னைக் காப்பாற்ற அவர் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. ஒரு கணம், வெறும் ஒரு கணம், அவள் பேசாமல் இருந்தாள். ஏவால்ட் மலைமேல் மரம் ஏற்றிக்கொண்டிருப்பார், அவருக்குத் தெரியவா போகிறது. அந்த எண்ணம் வந்ததற்காக அவள் பிற்பாடு பல நாள் கூசினாள்.

யூடித் அந்த ஒரு கணத்தையும் விடவில்லை. குரல் தாழ்ந்துதான் வந்தது.

“நேத்து என் பேர எழுதறதுக்கு உங்களுக்கு ஒண்ணும் ஆகல, அப்பா. இன்னைக்கு அம்மா பேருன்னதும் லாரிக்காரரைத் தேடறீங்க.”

பெர்தோல்ட் நாட்காட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அவர் மேல ஒண்ணும் இல்லீங்க” என்றாள் மெக்டில்ட். “நான் எப்பப் போகச் சொன்னேனோ அப்பப் போனார். பேனாவக் குடுங்க.” வாங்கி, முதல் வரியில் எழுதினாள்: சரக்கு ஒரு நாள் முன்பாக அனுப்பப்பட்டது. பொறுப்பு, மெக்டில்ட் வீட்ஹோஃப். எழுதி முடித்தபிறகுதான் கண் கலங்கியது. இருபத்தேழு வருஷமாகத் தன்னிடம் இருந்த ஒரே பெருமையை அவள் அந்த வரியில் எழுதிக் கொடுத்திருந்தாள். வெட்கமாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது.

ஃப்ராவ் ஒஸ்டர்காம்ப் வாசித்துவிட்டுத் தலையசைத்தார். இது எல்லாருக்கும் நடக்கிறதுதான், நான் பார்க்கிற பத்துப் பட்டறையில் மூன்றில் இப்படித்தான் இருக்கிறது என்றார். ஆனால் பேனாவை எடுக்காமல் அங்கேயே விட்டிருந்தார்.

“ரெண்டாவது வரிதான் எனக்கு முக்கியம். இது ஏன் பதினாலு மாசமா யார் கண்ணுலயும் படல?”

பெர்தோல்ட் தெரியவில்லை என்றார். அப்படி எழுத முடியாது என்றார் அந்த அம்மாள். கடிதம் நிறைய வருகிறது, எல்லாவற்றையும் யார் படிப்பது என்றார் பெர்தோல்ட். அந்த அம்மாள் அதையும் எழுதவில்லை, சும்மா காத்திருந்தார். காத்திருக்கத் தெரிந்தவர் என்பதைத்தான் காலையிலேயே காட்டிவிட்டாரே.

கல்யாணமான நாளிலிருந்து பெர்தோல்டின் தாள்களை எல்லாம் மெக்டில்டுதான் நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். வரித் தாள், காப்பீட்டுத் தாள், அவர் அப்பா செத்தபோது கல்லறைத் தாள். அவர் கையெழுத்து மட்டும் போடுவார். இப்போதும் அவர் பார்வை அவள் பக்கம் திரும்பியது. என்ன எழுத வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். நாசூக்காக எழுதவும் தெரியும். அவள் பேனாவை எடுத்து, தாளோடு சேர்த்து அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

“இது என்னால எழுத முடியாதுங்க” என்றாள். “இது உங்களோடது.”

யூடித் கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். போகிறவள்போல் ஒரு கால் வெளியே இருந்தது. பெர்தோல்ட் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பேனாவை எடுத்தார், வைத்தார், கண்ணாடியைத் தேடினார், அது அவர் நெற்றியிலேயே இருந்தது. பட்டறையில் யாரோ கம்பிச் சுருளைத் தரையில் போட்ட சத்தம் கேட்டது. பிறகு அவர் குனிந்து எழுத ஆரம்பித்தார். பெரிய பெரிய எழுத்தாக, பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுதினார். கட்டம் போதாமல் ஓரத்தில் ஏறிக்கொண்டு போனது.

முடித்து, தாளை ஃப்ராவ் ஒஸ்டர்காம்ப் பக்கம் தள்ளாமல், மேசையின் அந்த முனைக்கு, மகள் இருந்த பக்கம் தள்ளினார்.

யூடித் வந்து எடுத்து வாசித்தாள். மெக்டில்ட் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “விவரப் பக்கத்தை நான் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. என் மகள் பார்க்கிறேன் என்று மூன்று முறை கேட்டாள். நான் கொடுக்கவில்லை. தப்பு அவள்மேல் என்று முடிவு செய்துவிட்டதால் வேறெங்கும் தேடவில்லை. பெர்தோல்ட் வீட்ஹோஃப்.”

யூடித் இரண்டாவது தடவையும் வாசித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஐந்தாம் கட்டத்தை நிரப்ப ஆரம்பித்தாள்.

மிச்சக் கட்டங்கள் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. புதன்கிழமைச் சரக்கு புதன்கிழமை விடியக்காலை இரண்டு மணிக்குக் கிளம்பும். விவரப் பக்கத்தை வாராவாரம் திங்கட்கிழமை யூடித் பார்ப்பாள், பெர்தோல்டும் கூட உட்கார்ந்து பார்ப்பார். அந்தக் கடைசிப் பகுதியை யூடித் எழுதியபோது பெர்தோல்ட் மறுக்கவில்லை. பனி பெய்து லாரி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று மெக்டில்ட் கேட்டாள்.

“போன் பண்ணுங்க” என்றார் ஃப்ராவ் ஒஸ்டர்காம்ப். “தேதியை நாங்களே மாத்திக்குடுத்துடுவோம். மார்க் குறையாது.”

இருபத்தேழு வருஷத்தில் இதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

இந்த மூன்று மாதத்தில் இன்னும் பத்து லோடு இருக்கிறது, பத்தும் பச்சையாக வந்தால் அறுபதைத் தாண்டிவிடும், ஒன்று தவறினால் தாண்டாது என்று அந்த அம்மாள் கணக்குப் போட்டுச் சொன்னார். அதற்குமேல் என்னால் எதுவும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். மிச்சமிருந்த ரொட்டிகளில் இரண்டை மெக்டில்ட் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, மழையில் குனிந்து ஓடிக் காரில் ஏறினார்.

பெர்தோல்ட் வாசலில் நின்று கார் பாலத்தைத் தாண்டும்வரை பார்த்துவிட்டு, எந்திரங்கள் பக்கம் போனார். போகிற வழியில் மகளின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு நிமிஷம் நின்றார். தொடவில்லை. பாஸ்வேர்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

மேசையில் தாள் எட்டுக் கட்டமும் நிரம்பிக் கிடந்தது. யூடித் மேலங்கியை எடுத்து மாட்டினாள். மெக்டில்டுக்கு என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. இஸர்லோன் என்று வாய்விட்டுக் கேட்கத் துணிச்சல் வரவில்லை. அதற்குப் பதிலாக, தாளை இப்போதே அனுப்பிவிடேன், கையோடு முடிந்துவிடும் என்றாள்.

யூடித் மேலங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டே தாளைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

“கெடு வெள்ளிக்கிழமைதாம்மா. நாளைக்குக் காலைல வந்து அனுப்பறேன்.”